முழுக் கையிருப்பு

மார்ச் 4, திங்கள்

வந்து சேர்ந்தேன். நாட்டின் பெயரை எங்கேயும் எழுதக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கிறது. அது டைரிக்கும் பொருந்துமா என்று கேட்க ஆளில்லை. பொருந்தும் என்றே வைத்துக்கொள்கிறேன். முப்பத்தெட்டு வருஷம் ராணுவக் கணக்குத் துறையில் இருந்தவனுக்கு ஷரத்தை மீறிப் பழக்கம் கிடையாது. முன்பு செங்கொடி பறந்த நாடு, இப்போது வேறு கொடி பறக்கிறது. அவ்வளவு போதும்.

வேலை இதுதான். இவர்களுடைய ராணுவத்துக்குப் பத்தாண்டுத் திட்டம் ஒன்று எழுதித் தர வேண்டும். எந்த வருஷம் எதை வாங்குவது, எதை நிறுத்துவது, எதைத் தள்ளிப்போடுவது. மேற்கத்திய நாடுகளின் கூட்டணியில் சேர இவர்களுக்கு ஆசை. சேர வேண்டுமானால் நீண்ட காலத் திட்டம் காட்டு என்பது நிபந்தனை. அதற்காக ஒரு ஐரோப்பிய ஆலோசனை நிறுவனம் நாகர்கோவிலில் ஓய்வாகக் கிடந்த என்னைத் தேடிப் பிடித்தது. வெள்ளைக்காரனைவிட நான் மலிவு என்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

விமான நிலையத்தில் காதை மூடிய கம்பளித் தொப்பியோடு ஒருவர் நின்றார். "வணக்கம் சார், பிரயாணம்லாம் சௌரியந்தான?" என்று கோவில்பட்டித் தமிழில் கேட்டார். எனக்குப் பெட்டி கையிலிருந்து நழுவிவிட்டது. பெயர் தவமணி. 1986-ல் உதவித்தொகையில் பொறியியல் படிக்க வந்தவர். படிப்பு முடிவதற்குள் நாடு முடிந்துவிட்டது. இங்கேயே கல்யாணம் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். மனைவி இறந்து நாலு வருஷம். ஒரு மகள் இருக்கிறாள். எனக்கு அவர்தான் மொழிபெயர்ப்பாளர்.

மார்ச் 6, புதன்

கறிவேப்பிலை இந்த நாட்டிலேயே கிடையாது.

மார்ச் 19, செவ்வாய்

திட்டத் துறைக்குத் தலைவர் கர்னல் வாசில். பெரிய மீசை, சின்னக் கண்கள், பேசும்போது மேஜையில் விரலால் தாளம் போடுவார். பழைய ஆட்சியில் ஐந்தாண்டுத் திட்டம் எழுதியவராம். எங்கள் திட்டங்களில் எல்லாமே இருந்தது, நிலாவுக்குப் போவதுகூட இருந்தது என்று சிரித்தார். ஒரு திட்டமாவது நிறைவேறியதா என்று கேட்டேன். எல்லாத் திட்டமும் நூற்றி இரண்டு சதவீதம் நிறைவேறின, தாளில் என்றார். தவமணி இதை மொழிபெயர்க்கும்போது சிரிக்கவில்லை.

எனக்கு எரிச்சலாக இருந்தது. இந்த மாதிரி ஆட்களுக்குத்தான் ஒழுங்கு தேவை. படைப்பிரிவு ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கேட்டு நானே ஒரு படிவம் தயாரித்தேன். மொத்தம் முப்பத்தொன்பது பிரிவுகள். கீழே ஒரு பொறுப்பு அதிகாரி கையெழுத்திட வேண்டும். அவ்வளவுதான். கணக்கு என்பது உள்ளதை உள்ளபடி எழுதுவது, அதற்கு மேல் அதில் வித்தை எதுவும் இல்லை.

திரும்பும் வழியில் தவமணி தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். இங்கே பழைய நாளில் 'குறைவு' என்று எழுதினவன் அடுத்த மாசம் அந்த நாற்காலியில் இருக்க மாட்டானாம். அதனால் எந்தப் பிரிவும் எந்தப் படிவத்திலும் குறை எழுதுவதில்லையாம். புதிய தளபதி வரும்போது, பழையவர் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்ததற்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வாராம். இல்லாததைப் பெற்றுக்கொண்டு, இல்லாததை ஒப்படைத்துவிட்டுப் போவார்களாம்.

அது அந்தக் காலம் வே, இப்ப நான் வந்திருக்கேன்லா என்றேன். 

ஏப்ரல் 8, திங்கள்

இன்று எனக்கு ஒரு புதையல் கிடைத்தது. குளிர்கால நிலக்கரி.

எல்லாப் பிரிவுகளிலும் மூன்று குளிர்காலத்துக்கான நிலக்கரி சேமிப்பில் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. இதுவரை வந்த படிவங்கள் எல்லாவற்றிலும் 'முழுக் கையிருப்பு' என்றே இருக்கிறது. அப்படியிருந்தும் வருஷா வருஷம் புதிதாக வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். எதற்கு? மூன்று வருஷத்துக்கு வாங்குவதை நிறுத்தினால், நாலாம் வருஷம் எல்லைக்கு ரேடார் வந்துவிடும். பத்து வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டம் நேராகிவிடுகிறது. இத்தனை நாளாக இது ஒருவன் கண்ணிலும் படவில்லை.

முப்பத்தெட்டு வருஷத்தில் நான் எழுதிய எத்தனையோ குறிப்புகள் மேலே போய் 'பார்த்தேன்' என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பி வந்திருக்கின்றன. பதவி உயர்வு இரண்டு முறை எனக்குப் பின்னால் வந்தவனுக்குப் போனது. இன்று கர்னல் எழுந்து நின்று கை கொடுத்தார். மகிழ்ச்சியாக இருந்தது. அதை மறைக்க எனக்கு அவசியம் இல்லை.

ஏப்ரல் 15, திங்கள்

வீட்டில் சூடு நின்றுவிட்டது. இந்த நகரத்தில் எல்லாக் குடியிருப்புக்கும் ஒரே இடத்திலிருந்து குழாயில் வெந்நீர் வந்து அறையைச் சூடாக்குகிறது. அக்டோபர் பதினைந்தில் திறந்து ஏப்ரல் பதினைந்தில் மூடுவார்கள். வெளியே என்ன குளிர் என்றெல்லாம் பார்ப்பதில்லை. இன்று இரண்டு ஸ்வெட்டர்.

ஏப்ரல் 26, வெள்ளி

படிவங்கள் முப்பத்தொன்பதும் வந்துவிட்டன. முப்பத்தெட்டில் 'முழு'. ஒன்றில் மட்டும் வேறு மாதிரி. ஒரு தரைப்படைப் பிரிவில் கிடங்குக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவ உதவியாளர், பெண்பிள்ளை, இப்படி எழுதியிருக்கிறாள்: 'சேமிப்பு இல்லை. 1994-ல் சம்பளம் வராத குளிர்காலத்தில் எரித்தும் விற்றும் தீர்ந்தது. இப்போது எரிப்பது அந்தந்த வருஷம் வாங்குவது மட்டும்.'

முப்பத்தெட்டு பேர் ஒன்று சொல்ல, ஒருத்தி வேறு சொன்னால் தணிக்கைக்காரன் என்ன செய்வான்? சிவப்பு மையில் சுழித்து, 'சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கேட்கவும்' என்று எழுதினேன். நம் ஊரில் ஒரு நாளைக்கு இருபது முறை எழுதுகிற வாக்கியம். பதில் வரும், வாங்கிக் கோப்பில் வைப்போம், டீ குடிப்போம்.

மொழிபெயர்க்கக் கொடுத்தபோது தவமணி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன, கை வலிக்கிறதா என்று கேட்டேன்.

மே 2, வியாழன்

இன்று விடுமுறை. சோறும் தக்காளிக் குழம்பும் வைத்தேன். தவமணி வந்தார். சாப்பிடச் சொன்னேன். இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டபோது முதல் முறையாக என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, அந்தச் செவப்பு மையில எழுதுனீகளே, அதைத் திருப்பி வாங்கிருங்க. அது எம் மக."

பெயர் கயல்விழி. இங்கே எல்லாருக்கும் கல்யா. இருபத்து மூன்று வயது. விளக்கம் கேட்பது என்றால் இந்த ஊரில் வேறு அர்த்தமாம். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டாலே தண்டனை முடிவாகிவிட்டது என்று கீழே இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்களாம். அவள் எழுதியது அத்தனையும் நிஜமாம்.

நிஜம் என்றால் பயம் எதற்கு, அதையே விளக்கமாக எழுதட்டுமே என்றேன். ஒரு ஆட்சேபணையை எழுப்பிவிட்டுப் பதில் வராமல் கைவிட்டதாக என் சர்வீஸில் சரித்திரம் கிடையாது என்பதையும் சொன்னேன். அவர் கையைக் கழுவிவிட்டுக் கிளம்பினார். குழம்பில் உப்பு கூடிவிட்டது.

மே 15, புதன்

விளக்கம் வந்துவிட்டது. படிவமே புதிதாக வந்திருக்கிறது. வேறொருவர் கையெழுத்து. 'முழுக் கையிருப்பு.' முப்பத்தொன்பதும் இப்போது ஒத்துப்போகிறது.

அந்தப் பெண்ணை வடக்கே கணவாய்க் காவல் நிலைக்கு மாற்றியிருக்கிறார்கள். மூவாயிரம் மீட்டர் உயரம், இருபத்தாறு பேர், டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை பனியில் பாதை மூடிவிடும். ஏன் அங்கே என்று கர்னலிடம் கேட்டேன். உங்கள் குறிப்பின் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாமா என்றார். நான் அப்படிக் கேட்கவில்லை. ஆனால் மாற்றல் என்பது நிர்வாக விஷயம். கணக்குக்காரன் அதில் தலையிடுவது முறையில்லை.

மே 16, வியாழன்

தவமணி லீவ்.

ஜூன் 12, புதன்

நேரில் பார்த்துச் சரிபார்க்க ஒரு பிரிவையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று நானே கேட்டுக்கொண்டேன். முறை என்றால் முறை. கர்னல், நான், தவமணி மூவரும் ஜீப்பில் நாலு மணி நேரம் போனோம். வழியெல்லாம் செர்ரி மரம். தளபதி எங்களுக்கு ஆட்டிறைச்சி சுட்டு வைத்திருந்தார். நான் சைவம் என்றதும் வெள்ளரிக்காயை நறுக்கித் தந்து மன்னிப்புக் கேட்டார். நல்ல மனிதர்.

நிலக்கரிக் கிடங்கு திறந்தவெளி. நீளமாக மூன்று குவியல். மேலே கரி. பக்கவாட்டில் மழைக்குப் பின் பச்சையாகப் புல் முளைத்திருந்தது. இடையிடையே மஞ்சள் பூ. பார்க்க அழகாக இருந்தது. நாடாவைப் பிடித்து நீளம், அகலம், உயரம் அளந்தோம். கணக்கு ஒன்றேகால் சதவீத வித்தியாசத்தில் ஒத்துப்போனது.

தவமணி ஒரு குவியலின் ஓரத்தில் போய் நின்று பூட்ஸால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார். நேரமாகிவிட்டது, வாரும் என்றேன். அவருடைய பூட்ஸில் சேறு அப்பியிருந்ததால் ஜீப் முழுக்க மண்.

ஜூன் 16, ஞாயிறு

ஊருக்கு போன். மாடி ஒழுகுகிறது என்றாள் வீட்டுக்காரி பிரமு. கொத்தனார் வேலப்பன் வரவேயில்லையாம். கிடங்கு பார்க்கப் போனதை, புல்லும் பூவுமாக இருந்ததை அவளுக்குச் சொன்னேன். இங்கே வந்து அழகாக ஒன்றைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"கரிக் குவியல்ல எங்கயாம் புல்லு மொளைக்குமா? அது மண்ணாக்கும். நீங்க நல்லாப் பாத்தியளா?"

உனக்கு மாடி ஒழுகுவதையே பார்க்கத் துப்பில்லை, எனக்கு வேலை சொல்ல வந்துவிட்டாயா என்று போனை வைத்துவிட்டேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று கல்யாணமான நாளிலிருந்து என் வேலையைக் கிண்டல் பண்ணுகிறவள். காற்றில் மண் பறந்து வந்து குவியலின் மேல் படியும், அதில் விதை விழும், புல் முளைக்கும். இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

திட்டம் அச்சாகி வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், நீல அட்டை. அமைச்சகத்தில் இதைத் தாணு திட்டம் என்கிறார்களாம். சிதம்பரதாணு என்ற என் முழுப்பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. ஒரு பிரதியைக் குளித்துவிட்டு வந்து சாமி படத்துக்கு முன் வைத்தேன். பூவுக்குப் பதில் பக்கத்துப் பூங்காவில் பறித்த ஏதோ ஒன்று.

அக்டோபர் 10, வியாழன்

நாடாளுமன்றம் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. விவாதம் பதினொரு நிமிடம். கூட்டணியிலிருந்து வந்த குழு அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுப் பாராட்டியது. அவர்களில் ஒருவர்கூட நடுப்பக்கத்தைத் திறந்து நான் பார்க்கவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

குழாயில் வெந்நீர் வந்துவிட்டது. அறை அடுப்படி மாதிரி கொதிக்கிறது. குறைப்பதற்குத் திருகு எதுவும் கிடையாது. பனியனோடு உட்கார்ந்திருக்கிறேன்.

நவம்பர் 5, செவ்வாய்

திட்டத்தின் முதல் வருஷத்துக்குரிய நூற்றி நாற்பது இனங்களில் என்னென்ன நடந்தது என்று கர்னலிடம் கணக்குக் கேட்டேன். ரேடியோக் கருவி, ஆஸ்பத்திரி வண்டி, வீரர் விடுதி, எதற்கும் நிதி வரவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாமாம். ஒன்றே ஒன்றுதான் நடந்திருக்கிறது. நிலக்கரி வாங்குவதை நிறுத்தும் உத்தரவு, மறுநாளே எல்லாப் பிரிவுக்கும் போய்விட்டது.

கர்னல் மேஜையில் தாளம் போட்டபடி சொன்னார்: வாங்கு என்று எழுதினால் பத்து வருஷம் ஆகும், வாங்காதே என்று எழுதினால் ஒரு நாள் போதும். என் வாழ்நாளில் ஒரு திட்டத்தின் வரி குறித்த காலத்துக்கு முன்பே நிறைவேறியது இதுதான் முதல் தடவை, வாழ்த்துகள். கேலியா பாராட்டா என்று தெரியவில்லை. தவமணியைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நிறுத்தத்தில் மிஞ்சிய பணம் ரேடாருக்குப் போகும் என்றுதான் திட்டத்தில் இருந்தது. அமைச்சகத்து வாசலில் ஆறு புதிய கறுப்புக் கார்கள் நிற்கின்றன. அவை திட்டத்தில் இல்லை.

நவம்பர் 28, வியாழன்

தவமணியின் மகள் வந்திருந்தாள். பாதை மூடுவதற்கு முன் இரண்டு நாள் லீவ் கிடைத்ததாம். அலுவலகத்திலேயே வந்து பார்த்தாள். ஒல்லியாக, அப்பாவின் மூக்கும் சாம்பல் நிறக் கண்ணுமாக இருந்தாள். பெரியப்பா என்று கூப்பிட்டுக் காலைத் தொட்டாள். தவமணி சொல்லிக்கொடுத்திருப்பார்.  எங்களுக்குப் பிள்ளை இல்லை.

கையில் ஒரு விண்ணப்பம். கணவாய் நிலைக்குப் பதினான்கு டன் நிலக்கரி, விதிவிலக்காக. கிடங்கில் இருப்பது இரண்டு வாரத்துக்குத்தான் வருமாம். விதிவிலக்குக்கு என் ஒப்புதல் வேண்டும் என்று கர்னல் சொல்லி அனுப்பியிருக்கிறார். பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ளத் தெரிந்த ஆள்.

கோப்பை எடுத்துக் காட்டினேன். கணவாய் நிலை, முழுக் கையிருப்பு, அவர்களுடைய தளபதி கையெழுத்து. ஒன்றுக்கு விலக்குக் கொடுத்தால் மற்ற முப்பத்தெட்டும் நாளைக்கே வாசலில் நிற்கும். திட்டம் நாலு நாளில் கிழிந்துவிடும். அதைப் பொறுமையாகத்தான் விளக்கினேன். அவளும் பொறுமையாகத்தான் கேட்டாள்.

"அப்ப வாரா வாரம் ரேடியோல நான் என்ன எழுதி அனுப்பணும் பெரியப்பா?"

"படிவத்துல என்ன இருக்கோ அதையே எழுது மக்ளே. மாத்தி எழுதித்தான போன தடவை இவ்வளவு கஷ்டம்?"

சரி என்றாள். பையிலிருந்து ஒரு சின்ன டப்பா எடுத்துக் கொடுத்தாள். எலுமிச்சை ஊறுகாய், அவளே போட்டது. இந்த ஊர் மிளகாய்க்குக் காரம் போதாது என்று மன்னிப்புப் போலச் சொன்னாள். தவமணி வாசலிலேயே நின்றிருந்தார், உள்ளே வரவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

கணவாய்ப் பாதை மூடிவிட்டது. ஊறுகாய் நன்றாகவே இருக்கிறது.

டிசம்பர் 16, திங்கள்

வாராந்திர ரேடியோ அறிக்கை: கணவாய் நிலை, முழுக் கையிருப்பு.

டிசம்பர் 30, திங்கள்

கணவாய் நிலை, முழு. மற்ற பிரிவுகளில் ரயில்வேக்காரர்களிடம் கடன் வாங்கியும் காட்டில் மரம் வெட்டியும் சமாளிக்கிறார்களாம். தவமணி சொன்னார். கேட்டேனா நான்? கணவாயில் மரம் கிடையாது என்பதையும் சொன்னார். இப்போதெல்லாம் அண்ணாச்சி இல்லை, மறுபடி சார்தான்.

அறையில் வெக்கை தாங்கவில்லை. இரண்டு ஜன்னலையும் திறந்து வைத்திருக்கிறேன். பனித்தூள் மேஜையில் வந்து விழுந்து உருகுகிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வெல்லம் இல்லை, சர்க்கரை போட்டே பொங்கினேன். தவமணியைக் கூப்பிட்டிருந்தேன். மத்தியானம் வந்தார். இலை போட்டேன், அதாவது தட்டு. உட்காரவில்லை.

நேற்றைய அறிக்கையிலும் முழு என்றுதான் வந்திருக்கிறது. ஆனால் ரேடியோக்காரனை இவருக்குத் தெரியும். அறிக்கை முடிந்த பிறகு அவள் ஒரு நிமிஷம் பேசினாளாம். கட்டிலை எல்லாம் எரித்துவிட்டார்கள், தரைப்பலகையைப் பெயர்க்கிறார்கள், எல்லாரும் ஒரே அறையில் என்றாளாம். ஹெலிகாப்டரில் கரியும் எண்ணெயும் அனுப்ப முடியும், இன்னும் நாலு நாளைக்கு வானம் தெளிவு. ஆனால் குறை என்று எழுத்தில் இல்லாமல் கர்னல் அனுப்ப மாட்டார்.

"நீங்க ஒரு தாள் எழுதிக் குடுங்க. கிடங்குல பாத்தது மண்ணுன்னு. ஒங்க கையெழுத்து இருந்தா இன்னைக்கே பறந்துருவான். நீங்களும் பாத்தீக, நானும் பாத்தேன்."

நான் அளந்ததை மட்டும்தான் பார்த்தேன் என்றேன். அதோடு, அது வேறு பிரிவின் கிடங்கு, கணவாய் நிலையுடையது அல்ல. ஜூனில் சரி என்று கையெழுத்திட்டவன் ஜனவரியில் மண் என்று எழுதினால், நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்கும் என்ன மரியாதை? வியாழக்கிழமை கூட்டணிக் குழு வருகிறது. அவர்கள் போன பிறகு, வெள்ளிக்கிழமை பொதுவான மறு ஆய்வு ஒன்றைச் சிபாரிசு செய்யலாம் என்று சொன்னேன். யாருக்கும் பாதகமில்லாத வழி. இதைவிட நியாயமாக ஒருவன் என்ன செய்ய முடியும்?

அவர் முழங்காலிட்டார். நாற்பத்தைந்து வயது ஆண் தரையில் முழங்காலிட்டால் பார்க்கச் சகிக்கவில்லை. எழுந்திரும் வே, நல்ல நாளும் அதுவுமா என்றேன். எழுந்து போய்விட்டார். பொங்கல் மிஞ்சிவிட்டது. நாளைக்கும் அதுதான்.

ஜனவரி 17, வெள்ளி

குழு போய்விட்டது. மறு ஆய்வுக் குறிப்பை எழுத உட்கார்ந்தேன். தட்டச்சு செய்பவள் இன்று வரவில்லை. திங்கட்கிழமை.

ஜனவரி 20, திங்கள்

கணவாய் நிலையிலிருந்து அறிக்கை வரவில்லை.

ஜனவரி 23, வியாழன்

ஹெலிகாப்டர் போய் வந்தது. எல்லாரும் ஒரே அறையில் இருந்தார்களாம். காற்று புகாமல் சாக்கால் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு, வண்ணம் பூசிய பலகையையும் டயரையும் எரித்திருக்கிறார்கள். புகை. இருபத்தாறு பேரில் ஒன்பது பேர் உயிரோடு இருக்கிறார்கள். அந்த ஒன்பதில் அவள் இல்லை.

குறிப்பைத் தட்டச்சு செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 27, திங்கள்

அடக்கம். பதினேழு பெட்டிகள். போனேன். தவமணி எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், பழக்கத்தில்.

பிப்ரவரி 3, திங்கள்

விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். அவள் எழுதி வந்த பதிவேட்டைக் கண்டெடுத்திருக்கிறார்கள். வாராந்திரப் பத்தியில் ஒவ்வொரு திங்களும் அவர்கள் மொழியில் 'முழு' என்று இருக்கிறது. ஓரத்தில் பென்சிலால் யாருக்கும் புரியாத எழுத்து. தமிழ். அப்பா கற்றுக்கொடுத்தது. அங்கே வேறு யாருக்கும் படிக்கத் தெரியாது என்பதால் அதில் எழுதியிருக்கிறாள்.

அறையில் நானும் தவமணியும் மட்டும் இருந்தோம். அவர் வாய்விட்டுப் படித்தார். இடையில் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை.

'டிசம்பர் 23. கரி தீர்ந்தது. உள்ளே மைனஸ் நாலு. பெரியப்பா சொன்னபடி முழு என்று அனுப்பினேன். டிசம்பர் 30. மைனஸ் ஒன்பது. கட்டில் பத்து எரித்தோம். ஜனவரி 6. இரண்டு பேருக்குக் கால்விரல் கறுத்துவிட்டது. பெரியப்பாவுக்குத் தெரியும், அவர் திட்டத்தில் ஏதாவது வைத்திருப்பார். ஜனவரி 13. மைனஸ் பதினொன்று. உண்மையை எழுதலாமா என்று தளபதியிடம் கேட்டேன். உனக்குப் பட்டது போதாதா என்றார். முழு.'

படித்து முடித்துவிட்டுப் பதிவேட்டை மூடி, மேஜையின் விளிம்புக்கு நேராக வைத்தார். நான் தண்ணீர் குடித்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பிரமுவிடம் குளிர் அதிகம் என்று மட்டும் சொன்னேன். அந்தப் பிள்ளை போட்ட ஊறுகாய் தீர்ந்துவிட்டதா என்று கேட்டாள். தீர்ந்துவிட்டது.

பிப்ரவரி 24, திங்கள்

விசாரணைக் குழுவிடமிருந்து எனக்கு ஒரு கடிதம். விளக்கம் கேட்டு. உறையை இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன். இந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இப்போது தெரியும்.

பதில் தயாரித்தேன். முப்பத்தொன்பது படிவமும் முழு. கணவாய் நிலையின் வாராந்திர அறிக்கைகளும் முழு, கடைசி வாரம் வரை. இறந்துபோன மருத்துவ உதவியாளரே கைப்பட எழுதியது. இணைப்பாக வைத்திருக்கிறேன். எனக்கு அவளைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஓரக் குறிப்புகள்தான் சிக்கல். தவமணி அவற்றை மொழிபெயர்த்துக் குழுவிடம் கொடுத்திருக்கிறார். இறந்தவளின் தகப்பன், பாரபட்சமில்லாத ஆள் இல்லை என்று குழு அதை ஏற்கவில்லை. கர்னல் வாசில் யோசனை சொன்னாராம்: இந்த நாட்டில் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த இன்னொருவர் இருக்கிறார், அவர் சான்றளிக்கட்டும். பிறகு என்னிடம் வந்து அதைச் சொல்லிவிட்டுக் கண்ணடித்தார்.

மார்ச் 4, செவ்வாய்

வந்து ஒரு வருஷம். ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டித்திருக்கிறார்கள். கணவாய் நிலையை மூடிவிட்டதால் திட்டத்தில் திருத்தம் ஒன்று செய்ய வேண்டும்.

காலையில் குழு கூடியது. பின்வரிசையில் பதினேழு குடும்பங்கள். எனக்கு ஆங்கிலத்துக்கு வேறு மொழிபெயர்ப்பாளர் வைத்திருந்தார்கள். தவமணி குடும்பங்களோடு உட்கார்ந்திருந்தார். பதிவேட்டை என் முன் வைத்து, ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். வாசித்துப் பார்த்தேன். பெரியப்பா என்பவருக்கு எழுதியது, அது ஒரு உறவுப் பெயர் என்று சொன்னேன். குடும்ப விஷயங்கள், பணி சம்பந்தப்பட்டது எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். தலைவர் நன்றி சொன்னார். பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.

வெளியே நடையில் தவமணி எனக்காகக் காத்திருந்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அவளுக்குத் தமிழ் எழுத நாந்தான் சொல்லிக்குடுத்தேன் சார். கையெழுத்து எப்படி இருக்குன்னு கேக்க இங்க எனக்கு வேற ஆளு இல்ல. நல்லா இருந்துச்சா?"

நல்லா இருந்துது வே என்றேன். காலையிலிருந்து நான் சொன்னதில் பொய் கலக்காதது அது ஒன்றுதான்.